வாடகை சர்வரைப் பூட்டுவது எப்படி: உபுண்டு 24.04-க்கான செய்முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்பவர்களுக்கும் ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கும்போது, தளத்தை வடிவமைப்பதைவிட அது இயங்கும் சர்வரைக் காப்பதுதான் அதிகக் கவனத்தைக் கேட்கிறது. மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் மும்பையிலோ பெங்களூரிலோ உள்ள தரவு மையத்தில் ஒரு மெய்நிகர் சர்வர் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்குள் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்பதை வாடகைக்கு விடுபவர் பார்த்துக்கொள்வதில்லை. ‘நம் சின்னக் கடையை யார் குறிவைக்கப் போகிறார்கள்?’ என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. யாரும் குறிவைப்பதில்லை என்பதுதான் சிக்கல்; இணையத்தில் உள்ள முகவரிகளை எல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்களுக்குக் கொலுசுக் கடையும் வங்கியும் ஒன்றுதான். புதிய சர்வரை இயக்கிச் சில மணி நேரம் கழித்து ‘லாஸ்ட்பி’ என்ற கட்டளையை இட்டால், ரூட், அட்மின் முதலிய பெயர்களில் நுழைய முயன்று தோற்றவர்களின் பட்டியல் திரையை நிறைக்கும்.

சர்வரை வாடகைக்கு எடுப்பது, டொமைனை அதன் முகவரிக்குத் திருப்புவது, டெர்மினலைத் திறப்பது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன். இயங்குதளம் உபுண்டு 24.04, இதற்கான வழக்கமான ஆதரவு 2029 வரை உண்டு. கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் குறித்திருக்கிறேன். பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடங்களில் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிடுங்கள்.

முதல் படி: தனிப் பயனரும் சாவியும்

எல்லா உரிமையும் கொண்ட ரூட் பயனராக அன்றாட வேலைகளைச் செய்யக் கூடாது. ‘ஆட்யூசர்’ கட்டளையால் உங்களுக்கென ஒரு பயனரை உருவாக்கி, தேவைப்படும்போது மட்டும் ரூட் உரிமையோடு கட்டளையிட, அந்தப் பயனரை ‘சூடோ’ குழுவில் சேருங்கள். அதற்கு நீளமான கடவுச்சொல் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியே கடவுச்சொல்லை ஏற்பதை அடுத்த படியில் நிறுத்தப் போகிறோம் என்றாலும், ஏதோ ஓர் அமைப்பு பிசகி சர்வருக்குள் போக முடியாத நாளில், வாடகை நிறுவனத்தின் இணையப் பலகத்தில் உள்ள கன்சோல் வழியாக உள்ளே செல்ல அந்தக் கடவுச்சொல்தான் உதவும்.

பிறகு உங்கள் மடிக்கணினியில் ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளையால் ஈடி25519 வகைச் சாவி இணை ஒன்றை (மடிக்கணினியிலேயே இருக்கும் தனிச்சாவி, சர்வருக்குப் போகும் பொதுச்சாவி) உருவாக்குங்கள். தனிச்சாவிக்கு ஒரு கடவுத்தொடர் கொடுங்கள்; மடிக்கணினி பேருந்தில் தொலைந்தால் சாவியும் உடன் போகும். பொதுச்சாவியைச் சர்வரில் சேர்க்க லினக்ஸிலும் மேக்கிலும் ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’ இருக்கிறது. விண்டோஸில் எஸ்எஸ்எச் இருந்தாலும் இந்தக் கட்டளை கிடையாது என்பதால், பொதுச்சாவியின் ஒற்றை வரியை நகலெடுத்து, சர்வரில் உங்கள் பயனரின் முகப்பு அடைவுக்குள் இருக்கும் ‘.எஸ்எஸ்எச்’ அடைவில் ‘ஆதரைஸ்டு_கீஸ்’ என்ற கோப்பில் நீங்களே ஒட்ட வேண்டும். அடைவுக்கு 700, கோப்புக்கு 600 என்று அனுமதி வையுங்கள். இவற்றில் மற்றவர்களுக்கு எழுதும் உரிமை இருந்தால், சாவி சரியாக இருந்தாலும் எஸ்எஸ்எச் அதை ஏற்காது. ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தையும் உங்கள் திரையில் காட்டாது.

இரண்டாம் படி: கடவுச்சொல்லை நிறுத்துதல்

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் இந்தப் படியை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்’ கோப்பைத் திறந்து, ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்’ என்பதற்கு எதிரே ‘நோ’ என்று எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள் என்பார்கள். அப்படியே செய்தால், பல வாடகை சர்வர்களில் கோப்பில் ‘நோ’ என்று இருந்தபடியே கடவுச்சொல் தொடர்ந்து வேலை செய்யும். இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் எஸ்எஸ்எச் தன் அமைப்புகளைப் படிக்கும் விதமே தெளிவாகும் என்பதால், இங்கே சற்று நின்று பார்ப்போம்.

உபுண்டுவின் அந்த முதன்மைக் கோப்பின் தொடக்கப் பகுதியிலேயே, ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி’ என்ற அடைவுக்குள் இருக்கும் கோப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் வரி ஒன்று உண்டு. சர்வர் முதன்முதலாக இயங்கும்போது அதைத் தயார் செய்யும் ‘கிளவுட்-இனிட்’ என்ற நிரல், அந்த அடைவில் 50 என்ற எண்ணோடு தொடங்கும் ஒரு கோப்பை எழுதி, அதில் கடவுச்சொல்லுக்கு ‘யெஸ்’ என்று அனுமதி கொடுத்து வைத்திருக்கக்கூடும். வேறு பல மென்பொருள்களில் ஒரே அமைப்பை இரண்டு இடங்களில் எழுதினால் கடைசியாக எழுதியது செல்லும். எஸ்எஸ்எச் சர்வரிலோ முதலில் படித்ததே செல்லும், பின்னால் வருவது பொருட்படுத்தப்படாது. ஆகவே அடைவுக்குள் இருக்கும் ‘யெஸ்’ முந்திக்கொள்ள, முதன்மைக் கோப்பின் கீழ்ப்பகுதியில் நீங்கள் எழுதிய ‘நோ’ பயனற்றுப் போகிறது.

தீர்வு எளிது. முதன்மைக் கோப்பைத் தொடவே வேண்டாம். அதே அடைவில் 10 என்ற எண்ணோடு தொடங்கி ‘.கான்ஃப்’ என்று முடியும் பெயரில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்குங்கள்; கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுவதால் 10 என்பது 50-க்கு முன்னால் வந்துவிடும். அதில் மூன்று வரிகள் போதும்: ‘பெர்மிட்ரூட்லாகின்’, ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்’, ‘கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன்’ ஆகிய மூன்றுக்கும் ‘நோ’. (சொற்கள் இணையும் இடங்களில் பெரிய எழுத்து வருவது மரபு, சிறிய எழுத்தில் எழுதினாலும் எஸ்எஸ்எச் ஏற்றுக்கொள்ளும்.) மூன்றாவதை விட்டுவிட்டால், சில அமைப்புகளில் கடவுச்சொல் வேறு பெயரில் மீண்டும் நுழைந்துவிடும்.

இப்போது சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு முன், ‘சூடோ எஸ்எஸ்எச்டி’ என்று எழுதி, ஒரு கோடும் சிறிய டி-யும் சேர்த்து இடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். மறுதொடக்கம் செய்த பின் அதையே பெரிய டி போட்டு இடுங்கள். எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்த பிறகு எந்த அமைப்புகள் செல்லுபடியாகின்றன என்ற முழுப்பட்டியல் வரும். கோப்பில் எழுதியிருப்பதை நம்பாமல், சர்வர் என்ன புரிந்துகொண்டது என்று அதனிடமே கேட்கும் இந்தக் கட்டளையை என் வாடிக்கையாளர் சர்வர் ஒவ்வொன்றிலும் முதலில் இடுகிறேன்.

அதுவும் போதாது; வெளியிலிருந்து ஒரு முறை சோதியுங்கள். திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல் இரண்டாவது டெர்மினலைத் திறந்து, முதலில் சாவியோடு நுழைய முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ‘ஓ’ என்ற விருப்பத்தின் வழியாக ‘பப்கீஆதென்டிகேஷன்=நோ’ என்று சேர்த்து மீண்டும் முயலுங்கள். கடவுச்சொல்லைக் கேட்காமலேயே அனுமதி மறுக்கப்பட்டால்தான் வேலை முடிந்தது. முதல் டெர்மினலை அதன் பிறகே மூடுங்கள்.

எஸ்எஸ்எச் போர்ட்டை, அதாவது அந்தச் சேவை காத்திருக்கும் வாசல் எண்ணை, 22-இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நான் மாற்றுவதில்லை. பதிவேட்டில் இரைச்சல் குறையுமே தவிர, கடவுச்சொல்லை நிறுத்திய சர்வருக்கு அதனால் கூடுதல் வலிமை ஏதும் வருவதில்லை. மேலும் 24.04-இல் எஸ்எஸ்எச் சேவை ‘சாக்கெட்’ வழியே இயங்குவதால், கோப்பில் எண்ணை மாற்றிய பின் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ இட்டு, ‘எஸ்எஸ்எச்.சாக்கெட்’ என்பதை மறுதொடக்கம் செய்தால்தான் புதிய எண் நடைமுறைக்கு வரும்.

மூன்றாம் படி: ஃபயர்வால்

உபுண்டுவோடு வரும் ‘யுஎஃப்டபிள்யூ’ போதுமானது. வரிசைதான் முக்கியம்: முதலில் ‘ஓபன்எஸ்எஸ்எச்’ (எஸ்எஸ்எச் சேவையைத் தரும் மென்பொருள்), இணையதளத்துக்கான போர்ட்டுகள் 80, 443 ஆகியவற்றுக்கு அனுமதி கொடுங்கள், அதன் பிறகே ‘எனேபிள்’ இடுங்கள். தரவுத்தளத்தின் போர்ட்டான 3306-ஐ எக்காரணம் கொண்டும் வெளியே திறக்க வேண்டாம். உங்கள் வீட்டு முகவரியிலிருந்து மட்டும் எஸ்எஸ்எச் வரலாம் என்று கட்டுப்படுத்தும் யோசனை நன்றாகத் தோன்றும்; ஆனால் வீட்டு இணைப்புகளின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும், கைப்பேசி இணைப்பிலோ ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். நிலையான முகவரிக்குத் தனியாகப் பணம் கட்டாதவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

நான்காம் படி: தானாகப் புதுப்பித்தல்

2024 ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்எச்சிலேயே ஒரு கடுமையான ஓட்டையை குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. சாவியோ கடவுச்சொல்லோ இல்லாமல் ரூட் உரிமை பெற வழிவகுக்கக்கூடியது அது. 24.04-உம் பாதிக்கப்பட்ட பதிப்புகளில் ஒன்று. திருத்தம் உடனடியாக வந்தது என்றாலும், அதைக் கையால் நிறுவ உட்கார்ந்திருப்பவர் யார்? திருத்தங்களைத் தானாக நிறுவும் ‘அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ நிறுவப்பட்டு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இயங்குதளத்தின் மையமான கர்னல் புதுப்பிக்கப்பட்டால் மறுதொடக்கம் தேவை. அதைத் தானாகச் செய்யும் அமைப்பையும் நேரத்தையும் 50 என்று தொடங்கும் அதன் அமைப்புக் கோப்பில் இயக்கலாம். அங்கே எடுத்துக்காட்டாக இருக்கும் நேரம் 02:00. வாடகை சர்வர்கள் வழக்கமாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அதிகாலை 2 மணி என்று நீங்கள் நினைப்பது நம் கடிகாரத்தில் காலை 7:30. மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காட்டில் அறை தேடுகிறவர்கள் கைப்பேசியை எடுக்கும் நேரம் அது. ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் நேர மண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ (இரண்டு சொற்களின் முதலெழுத்தும் பெரிய எழுத்து) என்று மாற்றிவிட்டுப் பிறகு நேரத்தைக் குறியுங்கள். அடுத்தது, இந்த ஏற்பாடு உபுண்டுவின் சொந்தத் தொகுப்புகளின் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே கவனிக்கிறது. வெளிக் களஞ்சியத்திலிருந்து சேர்த்த பிஎச்பி, வேர்ட்பிரஸ் நீட்சிகள் ஆகியவற்றை நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். பயன்படுத்தாத நீட்சிகளை முடக்கி வைப்பதைவிட அழித்துவிடுவதே மேல்.

கையால் பெரிய புதுப்பித்தல் செய்ய நேர்ந்தால் ‘டிமக்ஸ்’ அமர்வுக்குள் செய்யுங்கள். மலையில் மழை பிடித்தால் மின்சாரமும் இணைப்பும் சேர்ந்து போகும். டிமக்ஸுக்குள் தொடங்கிய வேலை சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும், இணைப்பு வந்ததும் ‘அட்டாச்’ இட்டு விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம்.

ஐந்தாம் படி: என்ஜின்எக்ஸும் சான்றிதழும்

சர்வரை நிர்வகிக்கத் திரைப்பலகை மென்பொருள்களை நிறுவும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஐந்து படிகளில் செய்யக்கூடிய வேலைக்காக, இணையத்தில் எவரும் தட்டக்கூடிய இன்னொரு நுழைவுப் பக்கத்தைத் திறந்து வைப்பதை நான் ஏற்பதில்லை. தளத்தின் பக்கங்களைப் பார்வையாளர்களுக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸும், இணைப்பை மறையாக்கத் தேவையான சான்றிதழைப் பெற்றுத் தரும் ‘செர்ட்பாட்’டும் போதும்.

என்ஜின்எக்ஸில் புள்ளியில் தொடங்கும் கோப்புகளை எவருக்கும் தராதபடி ஒரு விதி எழுதுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் ‘.ஈஎன்வி’ கோப்பையும் ‘.கிட்’ அடைவையும்தான் தானியங்கி நிரல்கள் முதலில் கேட்கின்றன. சான்றிதழ் தருவதற்கான சோதனை ‘.வெல்-நோன்’ அடைவு வழியே நடப்பதால், அதற்கு மட்டும் விலக்கு வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும், மறுஏற்றத்துக்கு முன்னும், ‘என்ஜின்எக்ஸ்’ என்பதோடு ஒரு கோடும் சிறிய டி-யும் இட்டுச் சோதியுங்கள்.

சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். செர்ட்பாட் நாள்தோறும் சரிபார்த்துத் தானாகவே புதுப்பிக்கும். காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டதால், புதுப்பித்தல் தோற்றால் உங்களுக்குச் சொல்ல ஆளில்லை. ‘செர்ட்பாட் ரின்யூ’ கட்டளையை ‘டிரை-ரன்’ விருப்பத்தோடு இன்றே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

காப்புநகல் தனியாக எழுத வேண்டிய பொருள். நான் ‘ரெஸ்டிக்’ பயன்படுத்துகிறேன், நகலை வேறொரு நிறுவனத்தின் சேமிப்பில் வைக்கிறேன். சர்வர் இருக்கும் அதே கணக்கில் உள்ள ஸ்னாப்ஷாட் (சர்வரின் முழுப் பிரதி), கணக்கே பறிபோகும் நாளில் உதவாது.

பிற்சேர்க்கை 1

சான்றிதழ் புதுப்பிக்கப்படவில்லை என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டு காரணங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ‘பாதுகாப்பற்றது’ என்று கருதி 80-ஐ ஃபயர்வாலில் மூடிவிடுவது முதலாவது. செர்ட்பாட் வழக்கமாகப் பயன்படுத்தும் சோதனை அந்தப் போர்ட் வழியாகத்தான் தொடங்குகிறது, ஆகவே அதைத் திறந்து வைத்து, வருபவர்களை 443-க்குத் திருப்பிவிடுங்கள். இரண்டாவது, சர்வரை மாற்றும்போது டொமைனின் ஐபிவி4 முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, நான்கு ஏ கொண்ட ஐபிவி6 பதிவைப் பழைய சர்வரை நோக்கியே விட்டுவிடுவது. லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 இருந்தால் அதையே முதலில் நாடும் என்பதால், உங்கள் உலாவியில் தளம் சரியாகத் தெரிந்தாலும் சான்றிதழ் கிடைக்காது.

பிற்சேர்க்கை 2

ஃபயர்வாலில் திறக்காத போர்ட் வெளியில் திறந்திருப்பதாக, ஏற்காட்டிலிருந்து காப்பித்தூள் விற்கும் தளம் ஒன்றை நடத்துபவர் எழுதினார். மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கரை அவர் பயன்படுத்துகிறார். டாக்கர் தான் வெளியிடும் போர்ட்டுகளுக்கான விதிகளைத் தானே நேரடியாக எழுதிக்கொள்வதால், அந்தப் போக்குவரத்து யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தொடாமலேயே கடந்துவிடுகிறது. ‘யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் எல்லாம் மூடியிருப்பதாகவே காட்டும். போர்ட்டைக் குறிக்கும் இடத்தில் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால் அது சர்வருக்குள் மட்டுமே கேட்கும். என்ஜின்எக்ஸ் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மாற்றிய பின் கன்டெய்னரை மீண்டும் உருவாக்கி, மடிக்கணினியைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ‘என்மேப்’ கொண்டு உங்கள் சர்வர் முகவரியின் எல்லாப் போர்ட்டுகளையும் வெளியிலிருந்து தேடிப் பாருங்கள். 22, 80, 443 தவிர வேறெதுவும் வரக் கூடாது.