எல்லையோரத்திலிருந்து எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் ஏராளமான குடும்பங்களுக்குத் தமிழே வீட்டு மொழி. அரசு அலுவலகமும் பேருந்துப் பலகையும் மலையாளத்தில் இயங்குகின்றன. இந்த ஊர்களிலிருந்து இப்போது எழுத வரும் இளைஞர்களில் பலர், எந்த இதழையும் பதிப்பகத்தையும் சாராமல், வேலைக்குப் போய்க்கொண்டே தாங்களே எழுதி, தாங்களே நூலாக்கவும் முனைகிறார்கள். அவர்களுடைய கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு எனக்குத் தொடர்ந்து கிடைத்து வருகிறது. திறமைக் குறைவால் வீணான பிரதிகளை நான் அதிகம் கண்டதில்லை. எழுதியவரே முடிவெடுக்க வேண்டிய இடங்களில் முடிவை வேறு யாரிடமோ விட்டுவிட்டதால் வீணானவையே மிகுதி.

முதலில் மொழி. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சிறுகதை ஒன்றில், தென்னந்தோப்புக் குத்தகைக்காரர் ஒருவர் வில்லேஜ் ஆபீசுக்குப் போகிறார். முதல் வரைவில் அவர், "கரம் அடைக்கணும் சாரே" என்கிறார். வெளியே வந்ததும் மகனிடம் வீட்டுத் தமிழில் பேசுகிறார். பிற்பகலில் பொள்ளாச்சியிலிருந்து வரும் தேங்காய் வியாபாரியிடம், "என்னங்க, வெலை இப்படி எறங்கிப்போச்சு" என்று கொங்குப் பேச்சுக்கு மாறிக்கொள்கிறார். ஒரு மனிதர் ஒரே பகலில் மூன்று விதமாகப் பேசுவதுதான் அந்தக் கதையின் உயிர். இரண்டாம் வரைவிலோ அவர் எல்லோரிடமும், "நில வரி செலுத்த வேண்டும் ஐயா" என்ற ஒரே நடையில் பேசினார், ஏனெனில் இப்படி எழுதினால்தான் சென்னை இதழ்கள் ஏற்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது என்று அஞ்சி ஒவ்வொரு மலையாளச் சொல்லுக்கும் அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதுவதும் இதே அச்சத்தின் மறுபக்கம். அடுத்த வரியிலேயே அலுவலர் ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தால், கரம் என்றால் என்ன என்பதை மதுரை வாசகர் தாமே அறிந்துகொள்வார். எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு: கதைமாந்தரின் பேச்சில் இருக்க வேண்டிய வட்டார வழக்கைக் கதை சொல்பவரின் நடையிலும் காரணமின்றித் திணிப்பது.

மலையாளத்தை அலுவலக மொழியாக மட்டும் பார்த்து, அதில் எதையும் படிக்காமலே இருப்பது பெரிய இழப்பு. பி. என். பணிக்கரின் முயற்சியால் 1945இல் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் தொடங்கியதிலிருந்து வளர்ந்த நூலக இயக்கத்தின் பயனாக, கேரளத்தில் சிற்றூர்களில்கூட நடந்து போகும் தொலைவில் ஒரு வாசகசாலை இருக்கிறது. இரண்டு இலக்கியங்களை மூல மொழியிலேயே படிக்கும் வாய்ப்புள்ளவர் ஒன்றோடு நின்றுவிடக் கூடாது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே, அந்தத் தெருவின் மனிதர்களைத் தமிழில் எழுதிய ஆ. மாதவன், மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்பும் செய்தார். 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. எழுதுவதற்காகப் பிழைப்பையும் ஊரையும் விட்டுப் பெருநகரம் போயே ஆக வேண்டும் என்று எண்ணுபவர்கள் அவருடைய வாழ்வை அறிந்துகொள்வது நல்லது.

தெரிந்த மனிதர்களை எழுதும்போது பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ஒரு வாய்க்கால் கரையில் பத்து வீடுகள் உள்ள இடத்தில், இரண்டு திருமணம் செய்துகொண்ட கள்ளிறக்கும் தொழிலாளி ஒருவர்தான் இருப்பார். அவருக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஊர் அவரை அடையாளம் கண்டுவிடும். தொழில், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, நிகழ்ச்சிகளின் வரிசை ஆகியவற்றையும் மாற்ற வேண்டும், அப்படி மாற்றும்போதுதான் கதையும் நடந்ததன் பிடியிலிருந்து விடுபட்டுத் தன் போக்கில் வளரத் தொடங்கும். வம்பு வரும் என்று அஞ்சிக் கதையையே கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

நாவல், குறும்படத் திரைக்கதை, யூடியூப் ஒலிக்கதை என மூன்றை ஒரே ஆண்டில் தொடங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

கோப்பு விஷயத்தில் காட்டும் அலட்சியம் நூலின் ஆயுளையே குறைக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பின்னர் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும்போது, கண்ணுக்குத் தெரியாத பிழைகள் புகுந்துவிடுகின்றன. கதாநாயகியின் பெயர் கௌரி என்று வைத்துக்கொள்வோம். 'கௌ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து விழுந்து 'கெளரி' என்றாகிவிடும். அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஆனால் மின்னூலில் 'கௌரி' என்று தேடினால் ஓர் இடம்கூட அகப்படாது. 'ஔ' என்பது 'ஒள' ஆவதும் இவ்வாறே. தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் எழுதுவதும், அச்சகத்துக்குப் போகும் இறுதிக் கோப்பைத் தாளில் எடுத்து, எழுதியவர் அல்லாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்வதும் இதற்குத் தீர்வு.

அடுத்தது பணமும் உரிமையும். இதில்தான் மிகுந்த சேதம் நேர்கிறது. நூலாக்கம், அட்டை, ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டுத் தர நூல் எண், வெளியீட்டு விழா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை என்று பேக்கேஜ் பேசும் நிறுவனங்களிடம் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, நூற்றுக்கணக்கான பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. பணம் கொடுத்துப் பதிப்பிப்பது தவறன்று. எத்தனை பிரதி, எந்த அளவு, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கான கிராம் எடை) தாள், உள்பக்கக் கோப்பும் அட்டைக் கோப்பும் யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் கொடுப்பதுதான் தவறு. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியே பணம் கேட்டால் நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் இந்தியாவில் அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது; நூலைத் தாமே வெளியிடும் ஆசிரியரும் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். நிறுவனம் தன் பெயரில் வாங்கிய எண்ணை உங்கள் நூலுக்கு இட்டால், பதிவில் பதிப்பாளராக அந்த நிறுவனமே நிற்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பதிப்புரிமை, படைப்பு எழுத்தில் உருப்பெறும்போதே எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை, ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், உரிமை செல்லும் நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பலர் இவற்றைப் படிக்காமல், "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்ற ஒற்றை வரிக்குக் கீழே கையெழுத்திடுகிறார்கள். எல்லையோர எழுத்தாளருக்கு அந்த ஒரு வரி மற்றவர்களைவிட அதிக நட்டம் தரும். பாலக்காட்டுத் தமிழ் வாழ்க்கையைச் சொல்லும் நாவலை முதலில் கேட்டு வருபவர் மலையாள மொழிபெயர்ப்பாளராகவோ, கொச்சியிலிருந்து வரும் திரைப்பட இயக்குநராகவோ இருக்கலாம். அப்போது அனுமதி தரும் அதிகாரம் எழுதியவர் கையில் இருக்காது. தமிழ் அச்சு உரிமையை மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கொடுத்து, மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரை உரிமைகளைத் தம்மிடமே வைத்துக்கொள்வதாக எழுதிச் சேர்க்கச் சொல்லலாம். மறுத்தால் வேறு பதிப்பகத்தைத் தேடலாம்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நேரடியாக வெளியிடுபவர்கள் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தை யோசிக்காமல் தேர்வு செய்துவிடுகிறார்கள். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த நூலின் மின்வடிவத்தை வேறெங்கும், சொந்த இணையதளத்திலும்கூட, வைக்கக் கூடாது. நிறுத்தும்படி குறிக்காவிட்டால் தானாகவே அடுத்த 90 நாட்களுக்கு நீளும். இணையத்தில் ஏற்கெனவே வெளியான கதைகளைத் தொகுப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

தாமே பதிப்பாளராகும்போது ஒரு சட்டக் கடமையும் சேர்ந்து வருகிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதியைத் தம் செலவில் அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் சொந்த மாநிலத்தில் தமிழ் நூல் கடை அரிதாக இருக்கும் எழுத்தாளருக்கு, பிற்காலத்து ஆய்வாளர் தேடி எடுக்கும்படி நூல் ஓர் இடத்தில் இருப்பதற்கு இது உறுதியான வழி.

விற்பனைக்கு எல்லை தாண்டிக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போய்த்தான் ஆக வேண்டியிருக்கும். அங்கே கடைகளில், விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் பிரதிகளை வைக்கும்போது, எத்தனை கொடுத்தோம், கடைக்குரிய கழிவு எவ்வளவு, கணக்குப் பார்ப்பது எந்த மாதம் என்று எழுதி, கடைக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நட்பாகப் பழகுகிறவர் என்பதால் சீட்டு இல்லாமல் கொடுத்துவிட்டால், பிறகு பணத்தைக் கேட்கவும் கூச்சம் வந்துவிடும், விற்காத பிரதிகளைத் திருப்பி எடுக்கவும் வழியிருக்காது.