வீட்டுத் தோட்டத்தை அணில், மயில், பெருச்சாளியிடமிருந்து காப்பது எப்படி?

பார்த்துப் பார்த்து வளர்த்த செடியின் முதல் தக்காளியில் ஓட்டை விழுந்திருந்தால் யாருக்கும் வயிறு எரியும். அந்தக் கோபத்தோடு கடைக்குப் போய் எலி விஷம் வாங்கிவிடாதீர்கள். விலங்கைத் துரத்துவதில் செலவழியும் உழைப்பில் பாதியைச் செடியை மூடுவதில் போட்டால் தோட்டம் தப்பிக்கும். கோவை, திருப்பூர் வட்டாரப் புறநகர் வீடுகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மாடித்தோட்டக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: வந்தது யார் என்று பாருங்கள்

பெருச்சாளி வரும் தோட்டத்தில் மேலே வலை கட்டியும், மயில் வரும் தோட்டத்தில் கீழே கம்பி புதைத்தும் பணத்தை வீணாக்குபவர்கள் ஏராளம். ஆகவே இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கடிபட்ட காயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அணில் என்றால் ஓட்டையின் விளிம்பில் மெல்லிய பல் கீறல்கள் இரண்டிரண்டாக நெருங்கித் தெரியும். பறவை கொத்தியிருந்தால் கீறல் இராது. குத்திக் கிழித்த பள்ளம்தான் இருக்கும். கொய்யா, சப்போட்டா மரத்தடியில் மென்று துப்பிய சக்கை கிடந்தால் இரவில் வௌவால் வந்து போயிருக்கிறது. அது கடித்த பழத்தைக் கழுவிக்கூடச் சாப்பிட வேண்டாம். நிபா போன்ற நோய்க்கிருமிகள் அதன் எச்சில் வழியே பரவக்கூடும். தண்டு மண்மட்டத்தில் துண்டாகி, அருகில் புதுமண் குவிந்திருந்தால் பெருச்சாளி. நாற்றின் நுனிகள் வரிசையாகக் காணாமல் போய், மூன்று விரல் முன்னோக்கிய பெரிய தடம் மண்ணில் பதிந்திருந்தால் மயில். சந்தேகம் தீராவிட்டால் மாலையில் செடியைச் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவிவையுங்கள். விடிந்ததும் தடம் சொல்லிவிடும்.

படி 2: தோட்டத்துக்கு இழுத்து வருவதை அகற்றுங்கள்

உதிர்ந்த பழம், மூடியில்லாத உரத்தொட்டி, அதில் கொட்டிய சமைத்த சோறு, நாய்க்கு வைத்து மீந்த உணவு: இவற்றைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். கோடையில் அணில் தாகத்துக்காகவும் தக்காளியைக் கடிக்கும். தோட்டத்துக்கு எட்டத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றி வாருங்கள். அதற்கும் உயிர்தானே.

படி 3: மூடுங்கள்

கீரைப் பாத்திக்கும் நாற்றுக்கும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை)தான் சரி. தேவையான அளவுக்கு வெட்டி, கூடைபோல் வளைத்துக் கவிழ்த்து, ஓரங்களை மண்ணில் செருகுங்கள். வெட்டிய கம்பி முனைகள் கையைக் கிழிக்கும், கையுறை அவசியம்.

பெருச்சாளி தோண்டும் பாத்தி என்றால் அதே மெஷ்ஷைச் சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்குங்கள். அடிப்பகுதியில் அரை அடியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைப்பதுதான் இதில் சூட்சுமம். வேலி ஓரமாகவே குழி பறிக்கும் பெருச்சாளி அந்த மடிப்பில் முட்டிக்கொள்ளும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டத் தொடங்கினால் உள்ளே வரலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய நைலான் வலையையோ பழைய மீன்வலையையோ தரையோரம் தொங்கவிடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சாரைப்பாம்பு தலையை நுழைத்துவிட்டால் செதில்கள் நூலில் மாட்டிப் பின்வாங்க முடியாது. வெயிலில் துடித்தே சாகும். உங்கள் தோட்டத்து எலியைத் தின்னும் பாம்பு அது. வலைதான் வேண்டும் என்றால் தடித்த நூல், சுண்டுவிரல் நுழையாத கண், தொய்வில்லாத கட்டு ஆகிய மூன்றும் இருக்கட்டும். பாம்பு மாட்டியிருந்தால் நீங்கள் இழுக்க வேண்டாம். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

கொய்யா, மாதுளை எலுமிச்சை அளவுக்கு வந்ததும் துணிப்பை கட்டலாம். பழ ஈக்கும் பறவைக்கும் அது போதும்; அணில் துணியைக் கிழித்துவிடும் என்பதால் அங்கே கம்பிவலை உறை வேண்டும். தக்காளிக்கு உறையே தேவையில்லை. அடிப்பக்கம் இளஞ்சிவப்பு கண்டதும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் நன்றாகவே பழுக்கும்.

படி 4: மயிலுக்குத் தனி ஏற்பாடு

எவ்வளவு உயரமாக வேலி போட்டாலும் மயில் பறந்து வந்துவிடும். இறங்கவும் நடமாடவும் திறந்த இடம் கிடைக்காதபடி செய்வதே வழி. பாத்திக்கு மேல் முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பளபளக்கும் நாடாக்களைத் தொங்கவிடுங்கள். சில நாள்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பழகிவிட்டால் நாடாவுக்குக் கீழேயே நின்று மேயும்.

மயில் 1963 முதல் நமது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதைக் கொன்றால் மூன்றாண்டுகளுக்குக் குறையாத சிறை.

படி 5: தெளிப்பதிலும் விஷத்திலும் கவனம்

மிளகாய், பூண்டு அரைத்த கரைசலை இலைமீது தெளித்தால் அணில் சில நாள் ஒதுங்கும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். பறவைகளுக்கு இது பலிக்காது. மிளகாயின் காரம் அவற்றுக்கு உறைப்பதில்லை. கிளி பச்சை மிளகாயை ரசித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எலிக் கேக் தின்ற பெருச்சாளி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும்போது ஆந்தையோ பூனையோ பிடித்துத் தின்னும். விஷம் அதற்கும் போகும். ஆந்தை போய்விட்டால் அடுத்த பருவத்தில் எலிதான் பெருகும்.

குரங்குக் கூட்டம் வரும் பகுதி என்றால் மேலே சொன்னவை போதாது. மேற்புறமும் மூடிய கம்பிக் கூண்டுக்குள் செடி வளர்க்க வேண்டும். தெருவில் யாரும் தீனி போடக் கூடாது. பிடிப்பது வனத்துறையின் வேலை. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து எழுத்து மூலமாக மனு கொடுங்கள்.