மேக்ஸ்வெல் சமன்பாடுகளை வகையீட்டு வடிவங்களில் எழுதும் முறை

மின்புலமும் காந்தப்புலமும் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்பவை மேக்ஸ்வெல் சமன்பாடுகள். வெக்டர் நுண்கணிதத்தில் நான்காக நிற்கும் இவற்றை, நான்கு பரிமாணக் காலவெளியில் இரண்டாகச் சுருக்கலாம். அவற்றுள் ஒன்று வெறும் இயற்கணிதத்திலிருந்தே கிடைத்துவிடும். மற்றொன்றுக்கு மட்டுமே வடிவியல் தேவை. பகுதி வகையீடு தெரிந்திருந்தால் போதும். ஒளியின் வேகத்தை 1 என்று கொள்வோம்.

முதல் படி: வெளி வகையீட்டை ‘வ’ என்றும், இட ஆயங்களை க₁, க₂, க₃ என்றும், நேரத்தை நே என்றும் குறிப்போம். வக₁, வநே போன்றவற்றைக் கெழுக்களுடன் கூட்டினால் 1-வடிவம்; அவற்றை இரண்டிரண்டாக ஆப்புப் பெருக்கத்தால் (∧) சேர்த்துக் கூட்டினால் 2-வடிவம். ஒரு வடிவத்தின் மீது வ செயல்படுவதாவது: ஒவ்வொரு கெழுவையும் ஒவ்வோர் ஆயத்தாலும் பகுதி வகையிட்டு (க₁-ஆல் எடுப்பது ∂₁), அந்த ஆயத்துக்குரிய வக₁ போன்றதை முன்னால் ∧ கொண்டு சேர்த்து, எல்லாவற்றையும் கூட்டுவது. ஆப்புப் பெருக்கத்தில் வரிசையை மாற்றினால் குறி மாறும்; அதாவது, வக₁∧வக₂ = −வக₂∧வக₁. ஆகவே வக₁∧வக₁ = 0. பகுதி வகையீடுகளை எந்த வரிசையில் எடுத்தாலும் விடை ஒன்றே என்பதால், இந்தக் குறிமாற்றத்துடன் சேரும்போது உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கி, எந்த வடிவத்தின் மீதும் வ இருமுறை செயல்பட்டால் சுழியம் கிடைக்கிறது: வவ = 0.

இரண்டாம் படி: மின்னழுத்தத்தையும் வெக்டர் அழுத்தத்தையும் (காந்தப்புலத்தைத் தரும் அழுத்தம்) சேர்த்து ‘அ’ என்னும் 1-வடிவமாக்கி, பு = வஅ என்று வரையறுக்கவும். இந்த 2-வடிவத்துக்கு ஆறு கூறுகள் உண்டு. மூன்று மின்புலத்துக்கு (மி), மூன்று காந்தப்புலத்துக்கு (கா).

பு = மி₁ வக₁∧வநே + மி₂ வக₂∧வநே + மி₃ வக₃∧வநே + கா₁ வக₂∧வக₃ + கா₂ வக₃∧வக₁ + கா₃ வக₁∧வக₂

அ-வுக்குப் பதிலாக, ஏதேனும் ஒரு சார்பு ‘சா’வை எடுத்து அ + வசா என்று எழுதினாலும், வவசா = 0 என்பதால், பு மாறாது. கேஜ் சமச்சீர் என்று பெரிதாகப் பேசப்படுவது, இங்கே, இந்த ஒற்றை வரிதான்.

மூன்றாம் படி: இதனைக் கையால் செய்து பார்ப்பது அவசியம். வபு = வவஅ = 0 என்பதில் வக₁∧வக₂∧வக₃ என்பதன் கெழுவை மட்டும் திரட்டுக. மின்புல உறுப்புகள் அனைத்திலும் வநே இருப்பதால் அவை இதில் சேரா. எஞ்சுவது ∂₁கா₁ + ∂₂கா₂ + ∂₃கா₃ = 0; காந்த ஒருமுனை (தனித்து நிற்கும் வடமுனை அல்லது தென்முனை) இல்லை என்னும் விதி. அடுத்து, வநே∧வக₁∧வக₂ என்பதன் கெழுவைத் திரட்டினால் ∂நே கா₃ + ∂₁மி₂ − ∂₂மி₁ = 0 என்று ஃபாரடே விதியின் ஒரு கூறு வந்து நிற்கும். இதுவரை நீளம், கோணம் எதையும் நாம் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனிக்கவும்.

நான்காம் படி: மின்னூட்டமும் மின்னோட்டமும் சேர்ந்த 1-வடிவம் ‘ஓ’ எனில், எஞ்சிய சமன்பாடு வ*பு = *ஓ; குறிவழக்கைப் பொறுத்து ஒரு கழித்தல் குறி வரக்கூடும். ஹாட்ஜ் செயலியாகிய *, வக₁∧வக₂ போன்ற ஒவ்வொரு அடிப்படை 2-வடிவத்தையும் அதற்குச் செங்குத்தான 2-வடிவமாக மாற்றுவதால், அதற்கு மெட்ரிக் (நீளத்தையும் கோணத்தையும் அளக்கும் விதி) வேண்டும். வளைந்த காலவெளியின் ஈர்ப்பு விளைவு மின்காந்தவியலுக்குள் நுழைவதும் இவ்வழியேதான். காஸ் விதியும், மேக்ஸ்வெல் திருத்திய ஆம்பியர் விதியும் இதனுள் அடங்கும். இருபுறமும் மீண்டும் வ செயல்பட்டால் இடப்பக்கம் தானாகவே சுழியமாகி, வ*ஓ = 0 என்று மின்னூட்ட அழிவின்மை விதி கிடைக்கிறது.