ஏற்றத்தில் இழுக்காத டர்போ: என் அனுபவம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் ஜப்பான் கார், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்தியது. கோலாலம்பூருக்குள் நன்றாகத்தான் ஓடியது. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுக்கவே இல்லை. பின்னால் கரும்புகை. "டர்போ போச்சு, மாத்திடலாம்" என்றார் ஒரு மெக்கானிக்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. டர்போ சீல் போனால் பெரும்பாலும் நீலப்புகை வரும், ஆயில் குறையும். இரண்டுமே இல்லை. கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல். ஏர்ஃப்ளோ சென்சார் அளந்த காற்றுக்கு ஏற்பத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. அளந்த பிறகு வழியில் காற்று கசிந்தால் கணக்கு உதைக்கும்.

செந்தூலில் பழக்கமான அண்ணனிடம் கொண்டுபோனேன். டர்போவின் வாயை அடைத்து, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தார். "தம்பி, இங்க பாரு." டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்கு அடியில், கிளாம்ப் ஓரமாக, நுரை கொப்பளித்தது. விரல் நகம் அளவு வெடிப்பு. அழுத்தம் ஏறினால்தான் அது வாய் திறக்கும், சும்மா பார்த்தால் தெரியாது. இந்தச் சோதனை செய்யாமல் டர்போவுக்கு விலை சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

சிலிகான் ஹோஸ் மாட்டி, கரி படிந்த பிளக்குகளையும் மாற்றினோம். ஏற்றத்தில் இப்போது நன்றாக இழுக்கிறது. மற்ற ஹோஸ்களுக்கும் அதே வயதுதான், ஒவ்வொன்றாக மாற்றிவருகிறேன்.