பக்க வடிவமைப்பில் படம் சரியாகத் தெரியாதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்ற மென்பொருள்களில் ஒரு படம் மங்கலாகத் தெரிந்தால், அதை அழித்துவிட்டு மறுபடியும் கொண்டுவந்து வைப்பதே பலரும் முதலில் செய்யும் தவறு. அப்படிச் செய்யும்போது ஏற்கெனவே அமைத்திருந்த அளவு, வெட்டு, இடம் ஆகியவை கலைந்துபோவதோடு, கோளாறு எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயமும் போய்விடுகிறது. மென்பொருளுக்குப் படக்கோப்பு கிடைக்கவில்லையா, படத்திலேயே பிக்சல் போதவில்லையா, அல்லது திரையில் காட்டும் தரம் மட்டுமே குறைத்து வைக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் மிக எளியது. இன்டிசைனில் காட்சித் தரம் ‘டிப்பிக்கல்’ நிலையில் இருந்தால் குறைந்த தெளிவுள்ள முன்னோட்டமே திரைக்கு வரும். ‘வியூ’ மெனுவில் ‘ஹை குவாலிட்டி’ நிலைக்கு மாற்றியதும் படம் தெளிந்துவிட்டால், மேற்கொண்டு எதையும் தொட வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து இணைப்பு அறுந்த படங்களில் இருக்கிறது. இன்டிசைனில், பக்கத்தில் வைக்கப்படும் படம் பெரும்பாலும் ஆவணத்துக்குள் முழுமையாகச் சேர்வதில்லை. அது இருக்கும் இடத்தின் முகவரியும் ஒரு முன்னோட்டமும் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. எனவே கோப்புறையின் பெயரை மாற்றினாலோ ஆவணத்தை மட்டும் பென்டிரைவில் எடுத்துச் சென்றாலோ, திரையில் படம் இருப்பதுபோலவே தோன்றும், ஆனால் ‘லிங்க்ஸ்’ பலகத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணித்துப் பிடிஎஃப் எடுத்தால், மங்கலான முன்னோட்டமே அச்சுக்குப் போகும். கோப்பு இருக்கும் இடத்தை மீண்டும் காட்டி ‘ரீலிங்க்’ செய்தால் அளவும் இடமும் மாறாமல் படம் திரும்பிவிடும். கோப்பை வேறு கணினிக்கு அனுப்பும்போது, படங்களையும் சேர்த்துத் திரட்டித் தரும் வசதிகளான இன்டிசைனில் ‘பேக்கேஜ்’, ஸ்கிரைபஸில் ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ ஆகியவற்றைப் பயன்படுத்தாமல் ஆவணத்தை மட்டும் அனுப்புவதே இந்தத் தொல்லையின் வேர்.

படத்தில் பிக்சல் போதாதபோது எந்த அமைப்பும் உதவாது. 900 பிக்சல் அகலமுள்ள படத்தை 3 அங்குலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 300 பிக்சல் கிடைக்கும். அதையே 6 அங்குலத்துக்கு இழுத்தால் 150தான். படத்தின் சொந்த பிபிஐ (அங்குலத்துக்கான பிக்சல்) எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாமல், பக்கத்தில் வைத்த அளவில் கிடைக்கும் ‘எஃபெக்டிவ் பிபிஐ’ என்னும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் படத்தின் சொந்த எண்ணை 300 என்று ஏற்றிவிட்டால் தெளிவு வந்துவிடும் என்று நம்புவது, நீர் ஊற்றிப் பாலைப் பெருக்குவதைப் போன்றது.

கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளான லேடெக்கைப் பயன்படுத்துவோரின் தவறுகள் வேறு வகையானவை. விண்டோஸில் ஒழுங்காக ஓடிய ஆவணம் லினக்ஸில் படத்தைக் கண்டுபிடிக்காமல் நின்றால், கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். கோப்பின் பாதையில் பின்சாய்வுக்கோடு (\) இட்டால் அது கட்டளையின் தொடக்கமாகப் படிக்கப்படும். விண்டோஸிலும் முன்சாய்வுக்கோடே (/) இட வேண்டும். அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்திருப்பவர்கள், படத்தின் பாதை பொதுவாக முதன்மைக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்துதான் கணக்கிடப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். படத்துக்குப் பதில் கோப்புப் பெயர் எழுதிய கட்டம் வந்தால், ‘டிராஃப்ட்’ விருப்பம் இயங்கிக்கொண்டிருக்கலாம்; புதிய பதிப்புகளில், கோப்பு கிடைக்காதபோதும் அதே கட்டம்தான் வரும். இரண்டில் எது என்பதை லாக் கோப்பைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கோப்பு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பிழை அங்கே கோப்பின் பெயரோடு பதிவாகியிருக்கும்.