தமனியா, சிரையா? ஸ்லைடில் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி

ஹிஸ்டாலஜி (உடல் திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாடம்) செய்முறைத் தேர்வில் பலர் தடுமாறும் இடம் இது. வட்டமாக இருந்தால் தமனி, நசுங்கியிருந்தால் சிரை என்று மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் ஸ்லைடு தயாரிக்கும்போது தமனியும் சாய்வாக வெட்டுப்படும், சிரையும் சில நேரம் வட்டமாகவே நிற்கும். வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள்.

சுவரைப் பாருங்கள். தமனியில் நடு அடுக்கான டியூனிகா மீடியாதான் தடிமன். சிரையில் வெளி அடுக்கான அட்வென்டீஷியா தடிமன். அப்புறம் தசைவகைத் தமனியின் உள்விளிம்பில், ரிப்பனைச் சுருக்கி வைத்தது போல நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். அதுதான் உள் மீள்தன்மைப் படலம். உயிரோடு இருந்தபோது நேராக இருந்ததுதான், தசை சுருங்கியதால் நெளிந்துவிட்டது.

வழக்கமான ஹெமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் இந்தக் கோடு சரியாகத் தெரியாது. அப்போது நுண்ணோக்கியின் கண்டென்சரில் (ஒளியைக் குவிக்கும் பகுதி) உள்ள டயஃப்ரத்தை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, கொஞ்சம் மூடுங்கள். வெளிச்சம் குறையும், படலம் பளிச்சென்று மின்னும். இந்த ஒரு திருப்பலுக்கே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்! (பார்த்து முடித்ததும் திறந்துவிடுங்கள், அடுத்து வருபவர் திட்டுவார்.)

அளவு தெரிய ஸ்கேல் தேடவேண்டாம். குழாய்க்குள் கிடக்கும் சிவப்பணுவே ஸ்கேல், குறுக்களவு சுமார் 7.5 மைக்ரோமீட்டர். ஒரே ஒரு சிவப்பணு நுழையுமளவுதான் இடம் என்றால் அது தந்துகி, மிகச் சிறிய இரத்தக்குழாய்.