பையை அடிப்பவன் ஸ்பாரிங்கில் தடுமாறினால்: புதிய கோச்சுகளுக்கு

குத்துப் பையில் பட்டையைக் கிளப்புகிற பையன், ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சிச் சண்டைக்கு, எதிரில் ஓர் ஆளை நிறுத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசுவான். குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். பை திருப்பி அடிக்காது, ஆள் அடிப்பான். அந்தப் பயத்தைப் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. பெரியவர்களுக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ், ஹெட் கார்டு, மவுத் கார்டு. மவுத் கார்டு மறந்து வந்தவன் எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு ரிங்கில் இறக்காதீர்கள்.

அடுத்து கார்டு, அதாவது அடி படாமல் கையை வைத்துக்கொள்ளும் நிலை. இரண்டு கையும் கன்னத்தருகே, முழங்கை விலாவை ஒட்டி, முகவாய் தாழ்ந்து. இது போதும். ஆனால் ஒருவன் வீடியோ பார்த்துவிட்டு குத்துச்சண்டை வீரர் மேவெதர் மாதிரி இடது கையை இடுப்பில் தொங்கவிடுவான். அவருக்கு முகவாயைக் காப்பது தோள், அதற்குப் பல வருடக் கண் பழக்கம் வேண்டும். இன்னொருவன் மைக் டைசனைப் போலக் கையை முகத்தோடு ஒட்டிக்கொள்வான். பயிற்சியாளர் கஸ் டமாட்டோ சொல்லிக்கொடுத்த அந்த முறையில்தான் ஃபிலாய்ட் பேட்டர்சன் 1956-இல் 21 வயதிலும், டைசன் 1986-இல் 20 வயதிலும் ஹெவிவெயிட் பட்டம் வென்றார்கள். அதில் தலை ஓயாமல் அசைய வேண்டும். அசையாமல் நின்றால் விலாவில் வாங்கிக்கொண்டே இருப்பான்.

இப்போது ஜாப், அதாவது முன் கையால் நேராகப் போடும் குத்து மட்டும். ஒருவன் ஒரு நிமிடம் ஜாப் போடட்டும், மற்றவன் தடுக்கட்டும், பிறகு மாற்றுங்கள். தொடுகிற வேகம் போதும். நீங்கள் ஜாப் போடுபவனின் வலது கையை மட்டும் பாருங்கள். இடது கை நீளும் அதே நொடியில் வலது கை கன்னத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கும். அவனுக்கே தெரியாது. "காதில் போன் வைத்திருக்கிறாய், எடுக்காதே" என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வான். தடுப்பவன் கண்ணை மூடுகிறானா என்பதையும் கவனியுங்கள். மூடினால் வேகத்தை இன்னும் குறையுங்கள். திட்டினால் கண் திறக்காது.

கண் பழகியபின் ரவுண்டுக்கு ஒரே வேலை கொடுங்கள்: "ஜாப் வந்தால் தட்டிவிட்டு உடனே உன் ஜாப்." அந்த இரண்டு நிமிடமும் அது மட்டும்தான். வெளியே நின்று பத்து விஷயம் கத்தினால் ஒன்றும் காதில் ஏறாது, "கை!" என்ற ஒரு சொல் ஏறும். ரவுண்டு முடிந்ததும் "எப்போது அடி வாங்கினாய்?" என்று கேளுங்கள். "ஜாப் போட்டுட்டு அங்கேயே நின்னேன் மாஸ்டர்" என்று அவன் வாயாலேயே வரும். அப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியது அதிகமில்லை.

இது தானாக வரத் தொடங்கினால் சுதந்திர ஸ்பாரிங், இரண்டு ரவுண்டு. தலையில் பலமாகப் பட்டாலோ, தலைவலி, கிறுகிறுப்பு என்றாலோ அதோடு நிறுத்தி டாக்டரிடம் அனுப்புங்கள். அவர் சரி சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது.

முதல் முறை இரண்டு புதியவர்களை மோதவிடாதீர்கள். பயத்தில் இருவரும் பலமாக அடிப்பார்கள், அரை நிமிடத்தில் அது தெருச்சண்டையாகிவிடும். கையை அடக்கத் தெரிந்த மூத்த மாணவன் ஒருவனை எதிரில் நிறுத்துங்கள்.